தொட்டுப் பார்க்க வந்த வகுப்பு

பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் பட்டுப்புழு வளர்ப்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“கொசுக் களிம்புல எங்க புழு மொத்தமும் போச்சுக்கா.”

“புழுவுக்கு எவடி களிம்பு பூசுனது?”

“பாப்பா படிக்கிற பள்ளிக்கூடத்துல, மூணாங்கிளாஸ் புள்ளைங்களப் புழுக் கொட்டாய்க்குக் கூட்டியாந்தாங்க. தொட்டுப் பாத்தாத்தான் சயின்ஸ் மனசுல நிக்குமாம்.”

“நீ ஏன் உள்ள வுட்ட?”

“டீச்சரு கேட்டா எப்பிடிக்கா மாட்டேங்கறது? செருப்ப வெளிய வுடச் சொன்னேன், கிருமி வராம இருக்க வாசல்ல போட்ட சுண்ணாம்ப மிதிச்சுட்டு வரச் சொன்னேன். கைய மோந்து பாக்கத் தோணல. பட்டிக்காடு, கொசு கடிக்கும்னு வேன்லயே எல்லாத்துக்கும் களிம்பு பூசி உட்டிருக்காங்க. புழுவுக்கு அது வெசம்.”

“டீச்சர்கிட்டச் சொன்னியா?”

“போன் போட்டேன். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, கூடு கட்டறதப் பாக்க நாளைக்கு நாலாங்கிளாஸக் கூட்டியாரட்டுமான்னு கேட்டாங்க.”

பக்கத்துப் பெண் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நீ என்ன சொன்ன?”

“வாங்கன்னு சொல்லிட்டேன். செத்ததெல்லாம் குழியில மூடாமத்தான் கெடக்குது. வந்து தொட்டுப் பாக்கட்டும்.”