வீண் கணக்கு

— அந்தக் கம்ப்யூட்டரை ஏன் தம்பி தொட்ட? உலைக்குள்ள கண்ணாடி வட்டு ஆறிட்டிருக்குன்னு தெரியும்ல?

— பதறாதீங்க அண்ணி. உங்க புரோகிராமுக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தேன், அவ்வளவுதான்.

— நான் கேட்டேனா?

— பார்க்கவே பாவமா இருந்துச்சு. உங்க கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குன கம்ப்யூட்டர். டி.வி.யில மாட்டுனாதான் எழுத்தே தெரியுது. புள்ளி வச்ச எண்ணைப் பெருக்கச் சொன்னா அதுக்கு மூச்சு வாங்குது. ஒரு டிகிரி குறைக்க ஒரு யுகம்!

— யுகம் ஆகட்டுமே. இந்த உலையோட பேசத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். என்ன பண்ணுன, அதைச் சொல்லு.

— என் லேப்டாப்புல மறுபடி மெஷின் பாஷைக்குக் கம்பைல் பண்ணி ஏத்தினேன். கம்பைலர்ல வேகத்துக்குன்னே ஒரு ஆப்ஷன் இருக்கு, நீங்க போடவே இல்ல. போட்டேன். குதிரை மாதிரி ஓடுது!

— குதிரையாம். டெலஸ்கோப்புக்கு நான் வார்த்த மூணாவது வட்டு இது. அவசரமா ஆறினா வெடிச்சுடும். இதுவும் போச்சுன்னா உலையை இடிச்சுட்டுக் காரை நிறுத்திக்கோங்கன்னு உங்க அண்ணன்கிட்ட வாய் விட்டிருக்கேன்.

— கணக்கெல்லாம் சரி பார்த்துட்டேன் அண்ணி. பழைய விடையும் புது விடையும் கடைசிப் புள்ளி வரைக்கும் ஒண்ணு. நான் என்ன விவரம் கெட்டவனா?

— அப்போ திரையில ஏன் முந்நூறு டிகிரின்னு காட்டுது? நாளைக்குக் காலையிலதான் முந்நூறுக்கு இறங்கணும்.

— அதான் சொல்றேனே, வேகம்!

— கணக்கு வேகமாப் போகட்டும். கண்ணாடி ஏன் வேகமா ஆறுது?

— ...அதானே.

— எதையாவது தூக்குனியா?

— நான் தூக்கல. கம்பைலர்தான் ஒரு இடத்தை வெட்டிடுச்சு. வர்க்கமூலமாப் போட்டுத் தள்ளியிருந்தீங்க, விடையை எங்கேயும் எடுத்துக்கவே இல்ல. வீண் வேலைன்னு அதுவே கழிச்சுக் கட்டிடுச்சு.

— கடவுளே!

— என்ன அண்ணி? எந்த விடைக்காக அது?

— விடைக்கு இல்ல, மேதை. அந்தப் பெட்டியில கடிகாரமே கிடையாது. ஒவ்வொரு டிகிரி குறைச்சதும் காத்திருக்கணும். அதுக்குக் காத்திருக்கத் தெரியுமா? திணறுற கணக்காப் பார்த்துக் கொடுத்து உட்கார வச்சிருந்தேன்.

— பழசையே ஏத்திடறேன்! இதோ... கேபிள் எங்கே... அண்ணி, உலைக் கதவைத் திறக்காதீங்க!

— நான் எங்கே திறந்தேன்? உன் பக்கத்துலதானே நிக்கிறேன்.

— அப்போ உலைக்குள்ள டக்குன்னு கேட்டுச்சே, அது என்ன?

— நீ மிச்சம் பிடிச்ச நேரம்.