ஊரின் விளக்கை அணைத்த கரத்திற்கு

ஜுருவா ஆற்றங்கரைப் போவா வென்ச்சுரா ஊரின் டீசல் மின்நிலையத் தலைவியாய்த் திகழ்ந்து, இன்று பணி நிறைவு பெறும் பெருமாட்டி டோனா லிண்டால்வா அவர்கட்கு, உடன் உழைத்தோர் உவகையோடும் உள்ளத்து நடுக்கத்தோடும் வாசித்தளிக்கும் மடல்.

இருளை எதிர்த்து நின்ற எங்கள் இயந்திரக் கூடத்தின் இறைவியே! எண்ணெய்ப் பிசுக்கேறிய துண்டையே பொன்னாடையாய்த் தோளில் அணிந்த புகழ்மிகு அம்மையே! வணக்கம்!

தங்களுக்காக நாங்கள் முன்னரே எழுதி வைத்திருந்த மடல் வேறு. 'முப்பது ஆண்டுகளில் ஒரு மாலைகூட ஊர் விளக்கை அணையவிடாத வித்தகி' என்று அது தொடங்கிற்று. தலைநகரத்து மின் நிறுவனமும் அதே வாசகத்தைப் பித்தளைப் பட்டயத்தில் பொறித்து அனுப்பவிருந்தது. ஐயகோ! ஓய்வுக்குச் சில நாள்களே இருக்கையில், அந்த வாசகத்தைத் தங்கள் கையாலேயே பொய்யாக்கினீர்களே! அந்த அதிர்ச்சி இன்னும் எங்களை விட்டபாடில்லை.

டீசலைத் தவிர வேறெதையும் மதியாதவர் தாங்கள். அசாயிப் பனையின் கொட்டையை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று வந்த பொறியாளருக்கு வயிறார அசாயிச் சாறு கொடுத்து, அடுத்த படகிலேயே ஏற்றி விட்டீர்கள். ஆசிரியை மரினேட்டி போராடிப் பெற்ற சூரியத் தகடுகள் பள்ளிக் கூரையில் ஏறியபோது, "பொழுது சாஞ்சா தூங்கிப்போற சோம்பேறிச் சாமான்!" என்று சிரித்தீர்கள். அவரோ தங்களைப் 'புகை மகாராணி' என்று சந்தையில் வைத்தே அழைத்தார். இருவரும் முகம் பார்த்துப் பேசி எத்தனை காலமாயிற்று என்பது மீன் விற்பவர்களுக்கும் தெரியும்.

இவ்வாண்டு ஆறு வற்றியது. எண்ணெய் கொண்டுவரும் தோணி மணல்திட்டில் தரைதட்டி நின்றது. எங்கள் தொட்டியின் அடியில் கிடந்த எண்ணெயோ, அந்த வார ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டும் அளவே. ஞாயிறு பிற்பகலோ கால்பந்து இறுதியாட்டம்! நொனாட்டோவின் மதுக்கடைத் தொலைக்காட்சி முன் ஊரே குழுமியிருந்தது. அவ்வேளையில்தான் மரவள்ளிக் கொல்லையில் மரினேட்டியைப் பாம்பு தீண்டியது. விஷமுறிவு மருந்து ஆற்றோட்டத்தின் கீழ்ப்புறத்து மருத்துவமனையில் இருக்க, படகோட்டி ஓசிமாரின் படகோ எண்ணெயின்றிக் கரையில் கிடந்தது.

செய்தி கேட்டுத் தாங்கள் இயந்திரத்தை நோக்கி நடந்தீர்கள். எங்கள் இயந்திர இயக்குநர் ஜெனிவால்டோ குறுக்கே நின்றார்.

"அக்கா, வேணாம்! பாதி ஆட்டங்கூட முடியல. ஊரு நம்ம தோல உரிச்சு உப்புத் தடவிடும்!"

"உரிக்கட்டும்டா. தோலு வளந்துடும். அவ திரும்ப வளருவாளா?"

"உங்க பட்டயம்...?"

"வெளக்குக்குப் பதிலா மெழுகுவத்தி இருக்கு, நாளைக்கு வெயில் இருக்கு. இந்த ஆத்துல படகத் தள்ள இந்த எண்ணெய விட்டா நமக்கு நாதியில்ல. பேசாம குழாயப் புடி!"

அணைத்தீர்கள். அணையா விளக்கின் அரசியே, அணைத்தீர்கள்! எங்களுள் ஒருவர் சிலுவைக் குறியிட்டுக்கொண்டார். எங்கள் திறந்த வாய் மூடுமுன்பே அடுத்த ஆணை பிறந்தது: "சுகாதார நிலையத்துத் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க. அந்தச் சோம்பேறிச் சாமான் இன்னிக்காவது வேல செய்யட்டும்!" வெயிலை நம்பித் தாங்கள் விடுத்த முதல் ஆணை அது! எந்த அதிர்ச்சி பெரிதென்று எங்களால் இன்றும் சொல்ல இயலவில்லை.

மதுக்கடையிலிருந்து கூக்குரல் எழுந்தது. நொனாட்டோவின் குரலே அதில் ஓங்கி ஒலித்தது: "ஏய் லிண்டால்வா! செத்துட்டியா, தூங்கிட்டியா? கோல் போடப் போறான்டி!"

ஆனால், முப்பது ஆண்டுகளாய் இவ்வூரின்மேல் இடையறாது படிந்திருந்த இயந்திர ஒலி நின்றபின் வந்த அமைதியில், வசவு வெகுதூரம் போகவில்லை. ஆற்று வளைவிலிருந்து 'டக், டக், டக்' என்று ஓசிமாரின் படகு கேட்டது. இங்கே நின்ற ஒலி அங்கே எழுந்து, ஊரைவிட்டு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

"யாருடா போறது?" என்றார் நொனாட்டோ.

"மரினேட்டி டீச்சர். பாம்பு கடிச்சிருச்சு. நம்ம கரண்டுலதான் போறாங்க" என்றோம் நாங்கள்.

அவர் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். கரையெங்கும் மக்கள் நின்று, அந்த ஒலி நூலாய் இளைத்து மறையும்வரை மூச்சடக்கிக் கேட்டனர். ஆட்டத்தில் வென்றவர் யாரென்று மறுநாள் காலைவரை ஒருவரும் விசாரிக்கவில்லை.

தோணி மீண்டு வரும்வரை ஊர் இருளில் கிடந்தது. தலைநகரத்திலிருந்து பட்டயமும் வரவில்லை, அதிகாரியும் வரவில்லை. 'விளக்கம் தருக' என்ற ஓலையே வந்தது. அதைப் படித்துத் தாங்கள் சொன்னது இவ்வளவுதான்: "அவ மூச்சு விடுறா. வேற என்ன விளக்கம் வேணுமாம்?"

அம்மையீர்! பித்தளையில் பொறிக்க மறுத்ததை நாங்கள் இத்தாளில் எழுதிக் கண்ணாடியிட்டுத் தருகிறோம். மூட்டு வலி தங்களை அண்டாதிருக்கட்டும். தூண்டிலில் தம்பாக்கி மீன் தவறாமல் சிக்கட்டும். புகையில்லாக் காற்றைத் தாங்கள் நெடுங்காலம் சுவாசித்து, அது பிடிக்கவில்லை என்று எங்களிடம் வந்து முறையிட வேண்டும்.

இங்ஙனம்,
மின்நிலைய ஊழியர்கள்.

அன்று கத்தியவர்கள் சார்பில்: நொனாட்டோ.

கட்டுப்போட்ட காலோடு முதல் வரிசையில் அமர்ந்து, "என் பேரையும் போடுங்க, புகை மகாராணிக்குன்னு போடுங்க" என்று பிடிவாதம் பிடித்தவர்: மரினேட்டி.