ரெண்டு கொடி கட்டின பாடை

ஓட்டுப்பெட்டி வந்த புதுசு. நெடும்பூண்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருச் சேரியில பாவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் பேரு கொளஞ்சி.

சேரியில யாரு செத்தாலும் பொணம் ஊர்த்தெரு வழியாப் போகக்கூடாது. வயக்காட்டுச் சேத்துல எறங்கித்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். ஒரு மழைக்காலத்துல பாவாயியோட மாமியா பொணம் தோள் நழுவிச் சேத்துல விழுந்துச்சாம். கொளஞ்சி அன்னைக்கு அழுத அழுகைய அவ மறக்கவே இல்ல.

மொத எலக்சனுக்கு உலக்கைக்கட்சி வந்துச்சு. "தெரு எல்லாருக்கும் பொது, அது ஒங்க உரிமை"ன்னுச்சு. "அதெப்படி விடுவோம்?"னு கூடைக்கட்சிக்காரன் தடியோட நின்னான். கொளஞ்சி நம்பிட்டான். சேரி வாசல்ல உலக்கைக்கொடிக்கு மூங்கில் நட்டதே அவன்தான். கட்சி ஜெயிச்சுது. "இப்ப வேணாம் கொளஞ்சி, ஊர்க்காரன் ஓட்டும் வேணுமில்ல?"ன்னு நழுவிருச்சு.

அடுத்த எலக்சன். தோத்த கூடைக்கட்சி சேரிக்கு ஓடியாந்துச்சு. "தெரு பொது, ஒங்க உரிமை." ஒரு எழுத்து மாறல! இப்ப தடி உலக்கைக்காரன் கையில. தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா? பாவம், கொளஞ்சி அதையும் நம்பி இன்னொரு மூங்கில் நட்டான். அதுவும் ஜெயிச்சுது, அதுவும் வாயப் பொத்திக்கிச்சு.

ஐப்பசி அடமழையில கொளஞ்சி செத்தான். பாடைக்கு மூங்கில் வெட்டப் பங்காளிங்க கெளம்புனாங்க.

"எங்க போறீங்க? அவரு நட்டதே ரெண்டு நிக்குதே"ன்னாளாம் பாவாயி.

ரெண்டு கம்பத்தையும் அவளே புடுங்குனா. கொடிய அவுக்கல. வலப்பக்கம் உலக்கை, எடப்பக்கம் கூடைன்னு பாடையக் கட்டச் சொன்னா. பொம்பள சுடுகாட்டுக்குப் போற வழக்கமில்ல. அவ முன்னால நடந்தா.

ஊர்த்தெரு முக்குல ரெண்டு கட்சிக்காரனும் ஒண்ணா நின்னானாம், தடியோட. அதுல மட்டும் எம்புட்டு ஒத்துமை பாருங்க!

"அடிங்கடா! எவன் கொடிய எவன் மொதல்ல அடிக்கிறான்னு பாக்குறேன்"ன்னா பாவாயி.

உலக்கைக்காரன் ஒருத்தன் தடிய ஓங்குனான். அது கூடைக்கொடி மேல பட்டுச்சு. "எங்க கொடியிலயா கை வைக்கிற?"ன்னு கூடைக்காரன் அவன் சட்டையப் புடிச்சான். பொணத்துக்கு மனசு எறங்காத பயலுக்குத் துணிக்கு ரோசம் வந்துச்சு. அவனுங்க கட்டிப் பொரண்டுக்கிட்டு இருக்கையில, பாடை தெருவுக்குள்ள போய் அந்தாண்ட ஏறிருச்சு. போன வழிய அப்புறம் எவனாலயும் அடைக்க முடியலையாம்.

இன்னைக்கும், காலனின்னு பேரு மாறுன அந்தச் சேரி வாசல்ல எந்தக் கட்சியும் இரும்புக் குழாயில கொடி நட முடியாது. மூங்கில்தான். ஓட்டுக் கேட்டு வர்றவன் ஏன்னு கேட்டா, பொம்பளைங்க மொகத்தச் சுளிக்காம சொல்லுவாங்களாம்:

"இரும்புல பாடை கட்ட வராதுங்க."