அர்ச்சுனன் வரலியா?

ராத்திரி பதினோரு மணி இருக்கும்... சிம்மோர் போற சடக்குல ஒரே ஒரு மாட்டு வண்டி. ரெண்டு பக்கமும் கித்தா மரம், ரப்பர் தோட்டம். நிலா இல்ல. வண்டிக்கு அடியில கட்டுன லாந்தர் மட்டும் ஆடிக்கிட்டே போவுது...

சிரிக்காதீங்கலா. லோரி வர்ற வரைக்கும் ஏதாச்சும் சொல்லுன்னு கேட்டது நீங்கதானே. அந்தப் புள்ளைங்கள நடுவுல உக்கார வையுங்க. இன்னிக்கிப் பரிசு வாங்குன புள்ளைங்கள மொதல்ல.

என் கூட்டாளி கார்த்திகேசு இருக்கான்ல, அவன் அக்கா புருஷன் மாயாண்டிக்கு நடந்தது இது. அந்த வண்டிய ஓட்டுனதே அவருதான். மாயாண்டி பொய் சொல்ற ஆளில்ல. பொய் சொல்ற அளவுக்கு மூளையும் கெடையாது, அது வேற விஷயம்.

பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு மொத வருஷம். இதே மாதிரி ஈப்போவுல ஒரு இங்கிலீஷ் ஸ்கூல்ல பரிசு நாளு. தோரணம், பேண்டு வாத்தியம், தொப்பி போட்ட துரைமாரு... நம்ம தோட்டத்துப் பையன் மொதப் பரிசு வாங்குறான்னு கேட்டதும் லயத்து வீடுங்கள்ல ஒருத்தர் பாக்கியில்லாம கெளம்பிட்டாங்க. பையன் பேரு அர்ச்சுனன். பதினேழு வயசு. அவன் ஆத்தா ராக்காயி, மரஞ்சீவுற பொம்பள. அப்பன் பத்துமலை, விஷக் காய்ச்சல் வந்த வருஷம் தோட்டத்தோட பழைய டிவிசன்ல செத்துப்போனாரு. அந்தக் காய்ச்சல்ல பழைய டிவிசன் லயமே காலி. பொழச்சவங்கள எல்லாம் புது லயத்துக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் போறதில்ல.

அர்ச்சுனனுக்குப் பரிசு எதுக்கு? வாசிப்புக்கு. அவன் வாசிச்சா கடைசி பெஞ்சுல தூங்குறவனும் எந்திரிச்சு உக்காருவான், அப்படி ஒரு தெளிவான கொரல். அடுத்த மாசம் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி வேல தர்றேன்னு மேனேஜர் துரையே சொல்லிட்டாரு. மகன் கிராணியானா ராக்காயி சீவுற கத்தியக் கீழ வச்சிறலாம். அந்தப் பொம்பளைக்கு இருந்த ஆச அது ஒண்ணுதான்.

பக்கீரண்ணே, நீங்க கடைக்காரரு, உங்களுக்கு இது தெரியாது. தோட்டத்துல விடியறதுக்கு முன்ன பெரட்டு எடுப்பாங்க. எல்லாரையும் திடல்ல வரிசையா நிக்க வச்சு, பேரு கூப்பிடுவாங்க. கூப்பிட்டதும் "இருக்கேன்யா"ன்னு சொல்லணும். சொல்லலேன்னா அன்னிக்கி வேல கெடையாது, திட்டு வாங்கிக்கிட்டு லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால எவனாச்சும் அசந்து தூங்கிட்டா, பக்கத்துல நிக்கிறவங்க அவனுக்காகக் கொரல் குடுப்பாங்க. அர்ச்சுனன் சின்ன வயசுல புல்லு வெட்டப் போனவன். ராத்திரியெல்லாம் வெளக்கு வச்சுப் படிச்சிட்டு, காலையில எந்திரிக்க மாட்டான். பேரு கூப்பிடுற சீனி கங்காணி "அர்ச்சுனன் வரலியா?"ன்னு கேப்பாரு. உடனே ராக்காயி "இருக்கான்யா!"ன்னு கத்துவா. அவன் அப்பத்தான் கால்சட்டையப் புடிச்சுக்கிட்டு ஓடியாருவான். எத்தனையோ காலைப் பொழுது இப்படித்தான்.

பரிசு நாளன்னிக்கி என்னாச்சு தெரியுமா? பெரிய வாத்தியாரு மேடையில அவன் பேரக் கூப்பிட்டாரு. பின்னால இருந்து ராக்காயி எந்திரிச்சு, "இருக்கான்யா!"

கொல்லுன்னு சிரிப்பு. துரைசானிமாரு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. அர்ச்சுனன் கொஞ்சமும் கூச்சப்படல. புஸ்தகத்த வாங்கிக்கிட்டு நேரா ஆத்தாகிட்ட வந்தான். "நல்ல வேள ஆத்தா, நீ சொல்லாட்டி என்னைய லயத்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பாங்க"ன்னான். ராக்காயி சிரிச்சா, அழுதா, ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா. தோட்டத்து ஆளுங்க ஈப்போ மாரியம்மன் கோயில் வாசல்ல சோறாக்கிப் போட்டாங்க. அப்பறம் எல்லாரும் லோரியில போயிட்டாங்க. அண்டா குண்டாவ ஏத்திக்கிட்டு மாயாண்டி வண்டி பின்னால வந்துச்சு. ஆளோட ஆளா நசுங்கிக்கிட்டுப் போக வேணாமேன்னு ஆத்தாளும் மகனும் வண்டியில ஏறிக்கிட்டாங்க.

பழைய டிவிசனுக்குத் திரும்புற மொனை வந்துச்சு. மாடு நின்னுருச்சு.

மாயாண்டி வாலத் திருகிப் பாத்தாரு. நகரல. காது ரெண்டும் முன்னால நீட்டிக்கிட்டு நிக்கிது... கித்தாக் கொட்ட வெடிக்கிற சத்தம். டப்... டப்... அதுவும் நின்னுபோச்சு. அப்பறம் ஒரு வாடை. மரத்துல காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பால் நாத்தம்னா நமக்குப் பழக்கம்தான். இது அதோட பினாயிலும் கலந்த வாடை. காய்ச்சல் வந்தப்ப லயத்துக்கு லயம் ஊத்துனாங்களே, அதே வாடை.

உள்ள இருந்து ஒரு இருமல்.

சீனி கங்காணி இருமல். அந்தாளு எழுதப் படிக்கத் தெரியாதவரு, எல்லாப் பேரையும் மனசுலயே வச்சுக் கூப்பிடுவாரு. ரெண்டு பேருக்கு ஒரு தரம் இருமுவாரு. அவரும் அந்தக் காய்ச்சல்லதான் போனாரு...

"காளியம்மா."

"இருக்கேன்யா..."

மரத்துக்கு உள்ள இருந்து பதில் வருது.

"வீரம்மா."

"இருக்கேன்யா..."

இருமல்.

எல்லாம் செத்தவங்க பேரு. மாயாண்டி மூக்கணாங்கயித்தக் கையில சுத்திப் புடிச்சுக்கிட்டாரு.

"பத்துமலை."

"இருக்கேன்யா..."

வண்டிக்குப் பக்கத்துலயே. கையெட்டுற தூரத்துல. ராக்காயி "ஐயோ"ன்னு ஒரு மூச்சு விட்டா. புருஷன் கொரல் பொண்டாட்டிக்குத் தெரியாதா? அடுத்தது என்ன பேரு வரும்னும் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. பெரட்டுல அப்பன் பேருக்கு அடுத்து மகன் பேருதானே. ரெண்டு கையாலயும் அர்ச்சுனன் வாயப் பொத்தி, தலைய மடியோட அமுக்கிக்கிட்டா.

ராத்திரியில பேரச் சொல்லிக் கூப்பிட்டா மூணாந்தரம் கூப்பிடாம வாயத் தொறக்கக்கூடாது. பேய் மூணாந்தரம் கூப்பிடாது. நம்ம ஆளுங்களுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

"அர்ச்சுனன்."

சத்தம் இல்ல. பையன் கண்ணு மட்டும் லாந்தர் வெளிச்சத்துல முழிச்சிக்கிட்டு இருக்கு.

"அர்ச்சுனன்..."

இல்ல. மாயாண்டி, "அவ்வளவுதான் தாயி, விடாத, இன்னும் கொஞ்சம்"னு முனகுறாரு. இருமல் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்துச்சு. மாடு ஒரு அடி எடுத்து வச்சுது. அப்ப அந்தக் கொரல், மூணாந்தரம் கூப்பிடல, பெரட்டுல எப்பவும் கேக்குற மாதிரியே, சலிச்சுக்கிட்டு ஒரு கேள்வி...

"அர்ச்சுனன் வரலியா?"

"இருக்கான்யா!"

சொன்னது யாரு? ராக்காயி.

கை ரெண்டும் மகன் வாய்ல. சத்தம் மட்டும் அவ வாய்ல. சொன்ன பெறகுதான் அவளுக்கே தெரிஞ்சுது. நாக்கக் கடிச்சா, ரத்தம் வந்துச்சு... என்ன பிரயோசனம்? கித்தாக் கொட்ட மறுபடி வெடிக்க ஆரம்பிச்சுது. வாடை போயிருச்சு. மாடு தானா நடந்துச்சு.

அவ கையெடுத்துப் பாத்தா, பையன் ஒடம்பு சூடாத்தான் இருக்கு. மூச்சு வருது. "அர்ச்சுனா"ங்குறா. திரும்பல. "அர்ச்சுனா, ஆத்தாடா"ங்குறா. இல்ல. அதுக்கப்புறம் யார் கூப்பிட்டும் அவன் திரும்பல. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மருந்து குடுத்தாரு. முனியாண்டிக்குக் கெடா வெட்டுனாங்க. ஈப்போவுல இருந்து பெரிய வாத்தியாரே வந்து மேடையில கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டுப் பாத்தாரு. ஒண்ணும் இல்ல. விடியக்காலம் பெரட்டுக்குத் தண்டவாளத் துண்டுல அடிச்சா மட்டும் எந்திரிப்பான். நம்ம திடலுக்கு வர மாட்டான். பழைய டிவிசன் பக்கம் பாத்து, காலச் சேத்து வச்சு நிப்பான். ராக்காயி அவன் இடுப்பக் கட்டிக்கிட்டுக் கெடப்பா. எத்தன நாளைக்குக் கட்டிக்கிட்டுக் கெடக்க முடியும்? ஒரு நாளு அசந்துட்டா. பழைய திடல்ல, லாலாங் புல்லு நடுவுல, பனியில நனஞ்சு, உசுரில்லாமக் கெடந்தான். காலு ரெண்டும் சேந்தே இருந்துச்சு.

அந்தா, லோரி வெளிச்சம் தெரியுது. எந்திரிங்க. வழியில யாரும் யார் பேரையும் கத்திக் கூப்பிடாதீங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு முடிச்சுடுறேன். மாயாண்டி இப்பவும் அந்தச் சடக்குலதான் வண்டி ஓட்டுறாரு. வேற பொழப்பு? பெரட்டு இன்னும் நடக்குதாம். ஆனா இருமல் இல்லியாம். இப்பக் கூப்பிடறது வேற கொரலு... சின்னக் கொரலு. தண்ணி மாதிரித் தெளிவு. ஒவ்வொரு பேரையும் புஸ்தகம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி...

மொனையில ராக்காயி உக்காந்திருக்கா. பொழுது சாஞ்சா வந்துருவா, யார் இழுத்தாலும் வர மாட்டா. "பத்துமலை"ன்னு கூப்பிடுவான். "இருக்கேன்யா"ன்னு பதில் வரும். கூப்பிடறதே மகன், அதனால அடுத்தது அவ பேரு வரணும். கொரலு அந்த எடத்துல கொஞ்சம் நிக்கும்... நின்னுட்டு, அவள விட்டுட்டு, அடுத்த பேருக்குப் போயிரும்.

அவ மட்டும் இருட்டப் பாத்துக் கத்திக்கிட்டே இருக்கா.

"இருக்கேன்யா... ஏய்யா, நான் இருக்கேன்யா..."