ஏரிக்குப் போகலாமென்று சொன்னது நான்தான்

எனக்குக் கொசு ஆகாது. ஒன்று கடித்தால் போதும், கை முழுக்கத் தடித்துப் போகும். பீச்சுக்குப் போனால்கூட மணலில் இறங்க மாட்டேன், கட்டைச்சுவரில்தான் உட்காருவேன். அப்படிப்பட்ட நான் ஒருநாள் சோறு போடும்போது, "பொங்கல் லீவுல எல்லாரும் ஏரிக்கரையில டென்ட் போட்டுத் தங்கலாமா?" என்று கேட்டேன். வீட்டில் ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். யாருக்கும் வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

சந்தேகப்படுவதற்குப் பதிலாக என் வீட்டுக்காரர் ஜலால் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். இங்கே பக்கத்து மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி கம்பெனியில் சூப்பர்வைசர். ஐம்பத்திரண்டு வயசு. மறுநாளே நெற்றியில் கட்டிக்கொள்ளும் லைட் ஒன்று வாங்கிவந்து, அதைக் கட்டிக்கொண்டே டீ குடித்தார். நண்பர் ஒருவரிடம் டென்ட் இரவல் வாங்கி ரெட்டியார்பாளையத்து மொட்டைமாடியில் விரித்துப் பார்த்தார். விரிப்பது சுலபம். திரும்ப மடித்து அதன் பைக்குள் போட அவருக்கும் என் மகன் முஆசுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பக்கத்து வீட்டு கலைவாணி, "என்னக்கா, தண்ணி டேங்குக்குச் சட்டை தைக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

மற்ற ஏற்பாடெல்லாம் நான்தான். வில்லியனூர் தாண்டி ஒரு ஏரிக்கரைத் தோப்பில் குடும்பங்களைத் தங்க விடுகிறார்கள் என்று விசாரித்தது, நாளைக் குறித்தது, பெடல் போட் உண்டா என்று கேட்டுக்கொண்டது. போட் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

என் மூத்தவள் ஃபரீஹா தண்ணீர்ப் பறவைகளைப் பற்றி எம்.எஸ்சி. படித்தவள். மேல்படிப்புக்கு பிரான்சில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிப்போட்டிருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. பொங்கல் வாரத்தில் இடம் காலியானால் கூப்பிடுவார்கள். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் குளிக்கப் போனால்கூட போன் பாத்ரூம் ஜன்னலில்தான் இருந்தது. வீட்டில் வைத்து எதுவும் செய்ய முடியாது என்பது எனக்குப் புரிந்தது.

அவள் போகக்கூடாதென்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அந்த மாதிரி அம்மா இல்லை. அங்கே குளிர் அதிகம், சாப்பாடு ஒத்துக்காது, காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்க ஆள் இல்லை, இவ்வளவுதான் என் கவலை. அப்புறம் இன்னொன்று. அது காரணம் இல்லை, சும்மா சொல்கிறேன். அத்தாவும் மகளும் பறவை பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் வேறு யாரும் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நான் போய் உட்கார்ந்தால் பேச்சை நிறுத்த மாட்டார்கள். எனக்காக முதலிலிருந்து சொல்லவும் மாட்டார்கள். அவளுக்கு இடம் கிடைக்கும் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எனக்கு அந்த நிலையத்தின் பெயரே வாயில் நுழையவில்லை.

மாட்டுப்பொங்கலன்று போனோம். நல்ல இடம், குறை சொல்ல முடியாது. மதியம் நாரைக் கூட்டம் எதிர்க்கரையில் இறங்கியது. "போட்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஃபரீஹா தயங்கினாள்.

"போன் வருமேம்மா."

"தண்ணில விழுந்தா அதுவும் போச்சு. அத்தாகிட்ட குடுத்துட்டுப் போ."

அவர் உடனே கையை நீட்டினார். "போன் வந்தா இங்கேருந்து துண்ட ஆட்டறேன், நீ போட்ட திருப்பிக்க. போம்மா, நான் பாத்துக்கறேன்."

அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காவல்காரர் மாதிரி நின்றார். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். நாரையைப் போட்டோ வேறு எடுத்தார். பிறகு பிரியாணிக்கு அடுப்பு மூட்டப் போனார். புகை, வேர்வை. சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு விறகு பொறுக்கத் தோப்புக்குள் போனார்.

போன் திரையை மேலிருந்து இழுத்தால் சின்னதாக ஒரு விமானப் படம் வரும். அதைத் தொட்டால் எந்த அழைப்பும் வராது. முஆஸ்தான் ஒருநாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். தொட்டேன். திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அப்புறம் வெங்காயம் நறுக்கினேன்.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். "ஒண்ணும் வரலம்மா" என்று அவர் போனைக் கொடுத்தார். அவளும் பார்த்தாள், அழைப்பு எதுவும் இல்லை. பிரியாணி அடிப்பிடிக்காமல் வந்திருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். பொழுது சாய்ந்த பிறகு சிநேகிதிக்கு நாரைப் படம் அனுப்பப் போனபோதுதான் அவள் அந்தக் குறியைக் கவனித்தாள். அதை எடுத்துவிட்டதும் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு மெயில். இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், வருந்துகிறார்களாம். அவள் அப்போதே கூப்பிட்டுப் பேசினாள், கெஞ்சினாள். பயனில்லை.

அவள் கத்தவில்லை. "உங்கள நம்பித்தானே அத்தா குடுத்துட்டுப் போனேன்" என்றாள். அவ்வளவுதான்.

அவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "போட்டோ எடுத்தேன்மா. அப்ப பட்டிருக்கும்."

நான் அப்படி அவரைச் சொல்லவைக்கவில்லை. அவராகவே சொன்னார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. ஃபரீஹா இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்குப் போகிறாள். அத்தா கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அதற்குமேல் பேசுவதில்லை. அவர் பறவை பார்க்கும் பைனாகுலரை பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் யாரும் கேட்காமலே, "என் கைதான் பட்டுச்சு" என்று ஆரம்பித்துவிடுகிறார். நான்தான், "வேணும்னா செஞ்சீங்க? விடுங்க" என்று பேச்சை மாற்றுவேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வீட்ல நீ ஒருத்திதான் என்ன ஒரு வார்த்த சொல்லல சுரையா" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

போன வாரம் அவர் அடுப்படிக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். "நீ சொன்னா கேப்பா. அத்தாவ மன்னிச்சிடச் சொல்லேன். நேரா கேக்க எனக்கு மூஞ்சி இல்ல." சொல்கிறேன் என்றேன். எதற்கும் ஒரு நேரம் வரவேண்டும் இல்லையா.

இப்போதெல்லாம் ஃபரீஹா வேலைவிட்டு வந்ததும் நேராக என்னிடம்தான் வருகிறாள். நேற்றும் பூண்டு உரித்துக்கொண்டே கம்பெனிக் கதையெல்லாம் சொன்னாள். அப்புறம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, "அத்தா என்னைப் பத்தி எதனா சொன்னாராம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பெண் பிள்ளைகளுக்கு மனசு கஷ்டப்பட்டால் அம்மாவைத்தான் தேடும்.