தோற்றுப்போன நிம்மதி

தொண்ணூறுகளில் ஒரு திங்கட்கிழமை காலை. நியூசிலாந்தில், மங்கரே போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, ஒரே பக்கத்தை.

“கடவுள் கண் திறந்திட்டார் அக்கா. மகன்ர டீம் தோத்திட்டுது,” என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

“அமெரிக்கா காலேஜ்ல ஃபுட்பால் ஆடுறானே, அவனா? தோத்ததுக்கா இவ்ளோ சந்தோஷம்?” என்றார் மூத்தவர், மதுரைப் பக்கத்துப் பேச்சில்.

“அது பந்தாட்டமே அக்கா? ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மாடு மாதிரி முட்டுறாங்கள். மூண்டு மாசமா ஒவ்வொரு ஞாயிறும் போனடியிலதான் இருந்தனான். நேற்று வெண்டிருந்தா இன்னொரு மேட்ச். இப்ப சீசன் முடிஞ்சுது. பிள்ளை கை கால் முழுசா இருக்கிறான்.”

“அவன் என்ன சொன்னான்?”

“போன்ல ஒரே அழுகை. எனக்கும் அழுகை வந்திட்டுது, நிம்மதியில. தோத்த கவலை எண்டு நினைச்சு என்னைத் தேத்துறான். ‘அழாதேங்கோ அம்மா, இந்த வருஷம் பாதி மேட்ச்தான் ஆட விட்டவங்கள், வாற வருஷம் எல்லாத்திலயும் நான்தான்’ எண்டு.”

“அடப்பாவி! அப்புறம்?”

“அதுக்குப் பிறகுதான் உண்மையா அழுதனான். பரவாயில்லை அக்கா, அடுத்த சீசனுக்கு இன்னும் ஒன்பது மாசம் கிடக்கு. அதுவரைக்கும் அவன்ர முழங்கால் ரெண்டும் எனக்குத்தான் சொந்தம்.”