ஜானகி மாமியின் இடது கால்

மயிலாப்பூரில் யாருக்கும் கீரை வாங்கத் தெரியாது, ஃபாதர். வாடிப்போன முளைக்கீரையில் தண்ணீரைத் தெளித்து நீட்டினால் தங்கப்பாளம் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார்கள். இப்போது வரும் வழியில்கூட ஒருவர் அப்படி வாங்கினார். பார்த்தால் ஹைகோர்ட்டையே விலை பேசுகிற வக்கீல் போல இருந்தார். நின்று சிரித்துவிட்டு வந்தேன். நான் அச்சிறுபாக்கத்துக்குப் பக்கத்தில் வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். எங்கள் ஊர் ஆடுகூட அந்தக் கீரையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

முட்டி போட முடியவில்லை. உட்கார்ந்தபடியே பாவம் சொல்கிறேன். தட்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள் கொட்டாவி விடுவது கேட்கிறது. விடுங்கள், கிழவிகளின் பாவத்தில் என்ன ருசி இருக்கப்போகிறது. என்னுடையதும் சின்னதுதான். ஒரு பொய் சொன்னேன். ஒரே பொய், இரண்டு வருஷமாக.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றதும் ஈக்காட்டுத்தாங்கலில் மகன் அமலன் வீட்டுக்குப் போனேன். மருமகள் பெயர் ஏஞ்சல். பெயர் வைத்தவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வைத்திருக்க வேண்டும். ஹாலில் டிவிக்கு அடியில் எனக்குப் பாய். உலகத்துச் சீரியல் மருமகள்கள் அத்தனை பேரும் என் தலைமாட்டில் நின்று அழுதுவிட்டுத்தான் போவார்கள். அந்த வீட்டில் என்னைவிடக் குக்கருக்கு மரியாதை. அது கத்தினாலாவது யாராவது ஓடி வருவார்கள்.

அப்போதுதான் ஜானகி மாமி வீட்டு வேலை வந்தது. குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடி வீடு. மாமி படியில் உருண்டு இடது இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து வந்திருந்தாள். ஒரே மகள் நீரஜா அமெரிக்காவில். எனக்கென்று ஓர் அறை, ஒரு ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு. உள்பக்கத் தாழ்ப்பாளின் அருமை உங்களுக்குத் தெரியாது ஃபாதர், நீங்கள் மருமகளிடம் குடியிருந்ததில்லை.

முதல் நாளே மாமி, “பெர்னதத்தா? வாயில நுழையலையேடிம்மா. பெருந்தேவின்னு கூப்பிட்டுக்கறேன்” என்றாள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைக் காபி ஆறுவதற்குள் மாற்றிவிட்டாள். அந்தக் காபியும் எனக்குத் தனி டம்ளரில். ஒன்றுக்குப் போக என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறவள், டம்ளரை மட்டும் தொடவிடமாட்டாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

நடை பழக்க ஆதம்பாக்கத்திலிருந்து பிரணவ் என்று ஒரு பையன் ஸ்கூட்டரில் வருவான். தாடி மட்டும் பெரிய டாக்டருடையது. “ஆன்ட்டி செம ஸ்பீட், சிஸ்டர். அடுத்த மாசம் குளத்தைச் சுத்தி ஓடுவாங்க பாருங்க” என்றான். அன்றே நீரஜா போனில் வந்தாள். ஒரு பேச்சில் அவள் கேட்கும் கேள்விகளை அடுக்கினால் கோயில் கோபுரத்தைத் தாண்டிவிடும். கடைசியில் சொன்னாள்: “அம்மா நடக்க ஆரம்பிச்சதும் இங்க கூட்டிண்டு வந்துடறோம், சிஸ்டர். உங்களுக்கும் நிம்மதி. பையனாத்துல போய் ஜாலியா இருக்கலாம்.”

ஜாலியா. அந்த வார்த்தையைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

எனக்காக நான் எதையும் செய்யவில்லை, இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். எழுபது தாண்டியவளைப் பனி கொட்டுகிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வார்கள்? வழுக்கி விழட்டும் என்று விடுவார்கள். எங்கள் கொல்லையில் வேலி தாண்டுகிற மாட்டை அப்பா அடிக்கமாட்டார். கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார். ஓடினால் கட்டை முழங்காலில் இடிக்கும். கொஞ்ச நாளில் கட்டையைக் கழற்றினாலும் மாடு ஓடாது. அப்பா எழுதப்படிக்கத் தெரியாதவர், ஆனால் என்னோடு வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் அந்த அளவுக்கு உடம்பைப் பற்றித் தெரியாது.

நான் கட்டை எதையும் தேடவில்லை. மாமி காலைத் தரையில் ஊன்றும்போது மூச்சைச் ‘ஸ்ஸ்’ என்று உள்ளே இழுத்தேன், அவ்வளவுதான். அனுபவப்பட்ட நர்ஸ் மூச்சை இழுத்தால் நோயாளிக்கு உயிர் பாதி போய்விடும். “என்னடி, என்ன ஆச்சு?” என்பாள். “ஒன்றுமில்லை மாமி, எலும்பு இன்னும் சேரவில்லை. பரவாயில்லை, நடங்கள்” என்பேன். யார் நடப்பார்கள்? பிரணவ் வருகிற நாட்களில் தயிர்சாதத்தில் அரைத் தூக்க மாத்திரை. அவன் வந்து தலை தொங்குகிற மாமியைப் பார்த்துவிட்டு, “கோஆபரேஷன் இல்லை” என்று உதட்டைப் பிதுக்கினான். பிறகு அவனை வரவேண்டாம் என்றேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தபடி வேறு யாரிடமோ போனில் நிலம் பேசிக்கொண்டிருந்தார். “வலி இருந்தா படுத்திருக்கட்டும்” என்றார். நான்தான் வலி என்று சொல்லியிருந்தேன்.

மாமிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதுகில் ஒரு புண் கிடையாது. வேறு எந்த நர்ஸாவது இதைச் சொல்லட்டும். தினமும் துடைத்து, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, அவளுடைய சாமி படத்தைத் தலைமாட்டில் திருப்பி வைத்து, ஸ்லோகம் சொல்லும்போது பக்கத்திலேயே என் செபமாலையை உருட்டுவேன். ஒரு நாள் தன் வெள்ளி டம்ளரையே நீட்டி, “நீயும் இதுலயே குடிடி, பெர்னதத்” என்றாள். அட்சர சுத்தமாகச் சொன்னாள். படுக்கையில் கிடந்தால் நாக்கு எவ்வளவு நன்றாக வளைகிறது பாருங்கள். கிறிஸ்தவ அன்பு என்று நீங்கள் பிரசங்கத்தில் கத்துகிறீர்களே, அதை நான் கத்தாமல் அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கிளம்பினேன். அன்று அறுபத்துமூவர் விழா. தெருவில் எள் விழ இடமில்லை, மெட்ராஸே வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தது. கடக்க முடியாமல் திரும்பினேன். சாமி பல்லக்குகள் போகிற நேரம், எல்லாரும் கைகூப்பினார்கள். தற்செயலாக நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தேன். பால்கனியில் ஜானகி மாமி நின்றுகொண்டிருந்தாள். அவளும் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தாள் ஃபாதர். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

மேலே ஏறியபோது வேலைக்கார அங்காளம்மாள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். “மாமி பஸ்ட்டு கிளாஸா நடக்குது சிஸ்டரு. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. இன்னா, மூஞ்சி இப்டி ஆயிப்போச்சு உனுக்கு?”

மாமி சுவரைத் தொடாமல் என்னிடம் நடந்து வந்தாள். வாத்து மாதிரி நடை, ஆனால் நடை. “நீ சர்ச்சுக்குப் போறச்சேல்லாம் பிராக்டீஸ் பண்ணினேன்டி. உன் எதிர்ல நின்னா நீ பயந்துடறே, அதைப் பார்த்து நேக்கு உதறிடறது. நாளன்னிக்கு நீரஜாவுக்கு வீடியோல நடந்து காட்டப்போறேன். அசடே, ஏன் அழறே? எல்லாம் நீ பார்த்துண்டதுதான்” என்று என் இரண்டு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எனக்கு மாமி மேல் அன்றுதான் முதல்முறையாக மரியாதையே போனது. இரண்டு வருஷம் என் கையால் சாப்பிட்டுவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறாள். நான் பிரார்த்தனை செய்கிற நேரத்தைப் பார்த்து ஏமாற்றியிருக்கிறாள். இதுவும் பாவம்தானே? அவளிடம் நீங்கள் கேட்கப்போவதில்லை, அவள் உங்கள் மந்தை இல்லை.

மறுநாள் காலை அங்காளம்மாளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமி குளிக்கப் போகும் முன் குளியலறை நிலைப்படிக்கு உள்ளே விளக்கெண்ணெய் தடவினேன். தேங்காயெண்ணெய் என்றால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். மாமி உற்சாகமாக, “பிடிக்காதே, நானே போறேன்” என்றாள். நான் பிடிக்கவில்லை. சத்தம் கேட்ட பிறகு தரையை முதலில் துடைத்தேன், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வேலையில் ஒழுங்கு வேண்டும்.

பழைய இடத்தில் எலும்பு நொறுங்கிவிட்டது, இந்த வயதில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அதே டாக்டர், இந்த முறை போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். நீரஜா பறந்து வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். “நீங்க மட்டும் இல்லேன்னா அம்மா கதி என்ன ஆயிருக்கும், சிஸ்டர். கடைசிவரைக்கும் கூட இருங்கோ” என்றாள். ஒத்துக்கொண்டேன்.

என்ன ஃபாதர், கொட்டாவி நின்றுவிட்டது. எழுந்துகொள்ளாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. நான் இங்கே வந்தது அந்தப் பொய்க்காகத்தான். நடக்கக்கூடிய ஒருத்தியை நடக்க முடியாது என்று இரண்டு வருஷம் சொன்னது என் மனசை எப்படி அறுத்தது என்று எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இனி அந்த உறுத்தல் இல்லை. நேற்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நிஜத்தைச் சொல்லுடி, நான் நடப்பேனா?” என்று கேட்டாள். கண்ணைப் பார்த்து, வாய் கூசாமல், முதல்முறையாக உண்மையைச் சொன்னேன்.